நானூற்று நாற்பத்தெட்டு மீட்டர்

2016 மே மூன்றாம் வாரத்து மழையை அப்போது கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் ‘ரோனு’ என்று பெயர் பெற்ற தாழமுக்கம் தீவை உரசிக்கொண்டு வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து குடியிருப்புகளையே மூடிப்போட்டது. களனி கங்கை கரை கடந்து கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் வீதியில் படகு ஓடியது. வெள்ளவத்தையில் எங்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் அரிசி, பருப்பு, பால்மா, பாய் என்று பொதி கட்டிக்கொண்டிருந்தோம். அந்த வருடம் வெசாக் 21ஆம் திகதி, சனிக்கிழமை. வெளிச்சக்கூடு பார்க்கப் போவதைப் பற்றி எங்களில் ஒருவரும் கதைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் செய்தி வந்தது. எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக ஓர் இலங்கையர். பெயர் ஜயந்தி குரு-உதும்பால. நேரம் காலை 5.03. நேபாளத்துக் கடிகாரம் எங்களுடையதைவிடக் கால் மணித்தியாலம் முந்தியது என்பதால் கொழும்பில் அப்போது 4.48. மலை என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதைத்த ஒரு வாரத்தில், ஒரு பெண் உலகத்தின் ஆக உயர்ந்த மலையின் மேல் நின்றிருக்கிறாள் என்பதை எந்த முகத்துடன் வாங்கிக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பொதி கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் மட்டும் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்.

செய்திக்கு ஒரு வாலும் இருந்தது. அவருடன் சென்ற ஜொஹான் பீரிஸ் 8,400 மீட்டர் வரை ஏறி, ஒட்சிசன் கருவி கைகொடுக்காததால் திரும்பிவிட்டார். அவ்வளவுதான், ஒரே வரி. நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த வரியைத்தான். உச்சி 8,848 மீட்டர். மிச்சம் 448. கொழும்புக்காரருக்கு விளங்குகிற அளவில் சொன்னால், தாமரைக் கோபுரத்தின் உயரம் சுமார் 350 மீட்டர். அந்தக் கோபுரமும் அதன்மேல் இன்னொரு முப்பது மாடிக் கட்டடமும். கடற்கரையிலிருந்து 8,400 மீட்டர் மேலே போனவருக்கு அது ஒரு தூரமா என்று அப்போது நினைத்தேன். பிறகு இதைப்பற்றி வாசிக்க வாசிக்கத்தான், அந்த உயரத்தில் 448 மீட்டர் என்றால் என்னவென்று கொஞ்சம் பிடிபட்டது.

இந்த இருவரும் எங்கிருந்து கிளம்பினார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஜயந்தி பெண்களின் உரிமைகளுக்காக வேலை செய்பவர். டார்ஜிலிங்கில், டென்சிங் நோர்கே களப்பயிற்சி இயக்குநராக இருந்த இமாலய மலையேற்றப் பயிலகத்தில் பயின்றவர். ஜொஹான் கொழும்பில் பெயர்பெற்ற சிகையலங்காரக் கலைஞர். தாடியும் வெடித்த உதடுமாக நாங்கள் மனதில் வரைந்து வைத்திருக்கிற ‘மலையேறி’க்குள் இருவருமே அடங்கமாட்டார்கள். 2012இல் நேபாளத்தின் ஐலண்ட் பீக்கில், 6,189 மீட்டரில், ஒன்றாக ஏறினார்கள். நான்கு வருடம் கழித்து எவரெஸ்ட்டுக்குப் போன முதல் இலங்கை அணி இந்த இரண்டு பேர்தான்.

முதலில் ஏறியவர் பெண் என்பதை எங்கள் பத்திரிகைகள் நன்றாகவே எழுதின. தங்கள் நாட்டின் முதல் எவரெஸ்ட் ஆளாக ஒரு பெண்ணைச் சொல்லக்கூடிய தேசங்கள் அதிகமில்லை. 1978இல் வாண்டா ருட்கியெவிச் ஏறிய போலந்து அதில் ஒன்று.

2,524க்கு மேலே

இலங்கையின் ஆக உயர்ந்த இடம் பிதுருதலாகல, 2,524 மீட்டர். உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரம், சுற்றிப் பாதுகாப்பு. எங்களுக்கு மலை என்றால் அதைவிடச் சிவனொளிபாதமலைதான், 2,243 மீட்டர். நான் சின்ன வயதில் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். பருவகாலத்தில் எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு வான் பிடித்து நல்லதண்ணி போய், இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கி, விடிய உச்சியில் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பது வழக்கம். சூரியன் வந்ததும் எல்லோரும் சூரியனைப் பார்க்க, அப்பா என்னை மறுபக்கம் திருப்புவார். மேற்கே பள்ளத்தாக்கின் மேல் மலையின் நிழல் அச்சுக் குத்தினதுபோல முக்கோணமாய் விழுந்து கிடக்கும். எவரெஸ்ட்டில் விடியற்காலை நின்றவர்கள் எடுத்த படங்களிலும் அதே முக்கோண நிழல் மேற்கே விழுந்திருப்பதைப் பார்த்தபோது பழைய வீட்டுக்காரரைக் கண்டதுபோல் இருந்தது.

உடம்புக்கு மட்டும் இந்த இரண்டும் ஒன்றல்ல. மலைநோய் என்கிற தலையிடி, ஓங்காளம், நித்திரையின்மை எல்லாம் பொதுவாகச் சுமார் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டத் தொடங்கும். எங்கள் தீவு முடிகிற உயரத்தில்தான் அந்தக் கதை தொடங்குகிறது. நாட்டை விட்டுப் போகாமல், ‘உயரத்தில் என் உடம்பு எப்படி நடந்துகொள்ளும்’ என்று ஓர் இலங்கையர் அறிந்துகொள்ள வழியே இல்லை. மலைப்பிரதேசத்து நேபாளி குழந்தையிலேயே அறிந்திருப்பதை, நாங்கள் விமானச்சீட்டு வாங்கித்தான் அறிய வேண்டும்.

விமானச்சீட்டு வாங்கிப் போய் அறிகிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். மலையேறிகள் என்று ஒருவரும் அவர்களைச் சொல்வதில்லை. கைலாய யாத்திரைக்காரர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கோயில் மண்டபங்களில் கதை கேட்டுப் பாருங்கள், போய் வந்தவர், போக நினைத்தவர், போய்ப் பாதியில் திரும்பியவர் எல்லோரும் கிடைப்பார்கள். மானசரோவர் ஏரியே சுமார் 4,590 மீட்டரில் இருக்கிறது. கைலாயத்தைச் சுற்றுகிற பாதையின் உச்சமான டோல்மா கணவாய் 5,630 மீட்டர், எவரெஸ்ட் அடிவார முகாமைவிட உயரம். அறுபது வயதுக்கு மேல், நீரிழிவு மாத்திரையும் மஃப்ளருமாக எங்கள் பெரியம்மாமார் அங்கே நடந்திருக்கிறார்கள்.

எங்கள் தொடர்மாடியில் ஏழாம் மாடியில் ஒரு மாஸ்டர். இளைப்பாறிய கணித ஆசிரியர். 2019இல் கைலாயம் போகுமுன் ஆறு மாதம் லிப்டைத் தொடவில்லை. முதுகில் இரண்டு ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களுடன் விடிய ஐந்து மணிக்கு ஏழு மாடி ஏறி இறங்குவார், ஒரு நாளைக்கு ஆறு தடவை. கடல் மட்டத்தில் வாழ்கிறவனுக்குக் கிடைக்கிற மலை படிக்கட்டுதான். ஆனால் படிக்கட்டு காலையும் நெஞ்சையும் பலப்படுத்துமே தவிர, இரத்தத்துக்குப் புதிதாக ஒன்றும் கற்றுத் தராது. அதை மாஸ்டர் திபெத்தில்தான் அறிந்தார். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

வேகாத சோறு

எவரெஸ்ட்டைப் பற்றிய படங்களில் ஏறுகிற காட்சிதான் அதிகம். உண்மையில் இரண்டு மாதப் பயணத்தில் பெரும்பகுதி ஏறாமல் இருப்பதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் கத்மண்டு; அங்கிருந்து மலைச்சரிவில் வெட்டிய லுக்லா ஓடுபாதை; பிறகு நாம்சே பசார், தெங்போச்சே மடாலயம் வழியாக ஒரு வாரத்துக்கு மேல் நடை. வேண்டுமென்றே மெதுவாக. 5,364 மீட்டரில் இருக்கிற அடிவார முகாமுக்கு வந்து சேரும்போது, மூச்சுக்கு மூச்சு நுரையீரலுக்குள் போகிற ஒட்சிசன் கொழும்பில் போவதில் பாதிதான். காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கேயும் ஒன்றுதான், சுமார் 21 சதவீதம். அதை உள்ளே தள்ளுகிற அழுத்தம்தான் பாதியாகிவிடுகிறது.

கோவிட் காலத்தில் வெள்ளவத்தையில் விரலில் மாட்டுகிற அந்தச் சின்னக் கருவி இல்லாத வீடு குறைவு. 98 காட்டினால் நிம்மதி, 94க்குக் கீழே போனால் வைத்தியருக்குத் தொலைபேசி, 90க்குக் கீழே என்றால் அம்புலன்ஸ். அடிவார முகாமில் எண்பது சொச்சம் காட்டிக்கொண்டு ஆட்கள் காட்ஸ் விளையாடுவார்கள். உடம்பு ஒரே நாளில் அதற்குப் பழகுவதில்லை. சிறுநீரகம் எரித்ரோபொயட்டினைச் சுரந்து, எலும்பு மச்சையை உசுப்பி, சிவப்பணுக்களைக் கூட்டுவதற்கு வாரக்கணக்கு வேண்டும். அதற்காகத்தான் முதலாம் முகாம், இரண்டாம் முகாம் வரை ஏறிப்போய், ஓரிரு இரவு கிடந்து, திரும்பக் கீழே வந்து, மறுபடி ஏறுவது. ஏறின உயரத்தையெல்லாம் இறங்கித் தொலைக்கிறார்களே என்று பார்ப்பவனுக்குத் தோன்றும். இறங்கி இளைப்பாறுகிற நாட்களிலும் உடம்பு உயரத்துக்கு ஏற்றதாகத் தன்னை மாற்றிக்கொண்டேயிருக்கிறது.

அடிவார முகாம் நிலத்தில் இல்லை. கும்பு பனியாற்றின் மேல், கல்லும் பனிக்கட்டியும் கலந்த மேட்டில்தான் கூடாரம். வெயிலில் பனி உருகி, கூடாரம் நின்ற இடம் மட்டும் நிழலில் உருகாமல் திட்டாய் எழும்பும். சில நாளுக்கு ஒரு தடவை கூடாரத்தைக் கழற்றித் தளத்தைச் சரிசெய்து திரும்ப அடிக்க வேண்டும். இரவில் படுக்கைக்கு அடியில் பனிக்கட்டி வெடிக்கிற சத்தம். தூரத்தில் எங்கேயோ பனிச்சரிவு உருளுகிற சத்தம். அதைக் கேட்டு எழும்பாமல் படுக்கப் பழகுவதற்கே ஒரு வாரம் எடுக்கும். நித்திரையிலும் மூச்சு ஒரு தாளத்தில் இருக்காது. ஆழமாக இழுத்து இழுத்து, பிறகு சில நொடி அப்படியே நின்றுபோய், மூச்சுத் திணறி விழிப்பு வரும். பக்கத்துக் கூடாரத்துக்காரர் மூச்சு நின்றதைக் கேட்டு எண்ணிக்கொண்டிருப்பாராம்.

சமையலுக்கு வருவோம், எங்கள் ஆட்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. நுவரெலியாவில் 94 அளவில். அடிவார முகாமில் ஏறக்குறைய 83. திறந்த பானையில் அரிசி போட்டால் கொதிக்கும், கொதிக்கும், வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பும் சோறும் இல்லை. நேபாளிச் சமையற்காரர்கள் முகாமுக்குக் கொண்டுபோகிற பொருட்களில் ஆகப் பெறுமதியானது அந்தக் குக்கர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. பருப்பு, சோறு, உருளைக்கிழங்கு, கோவா, முட்டை என்று அடிவார முகாமில் ஒழுங்கான சாப்பாடு உண்டு. மேலே போகப் போக நூடில்ஸ், சூப், பிஸ்கட். அதுவும் இறங்காது. பசி செத்துவிடும். உடம்பு தன் தசையையே தின்னத் தொடங்கி, ஆட்கள் கிலோக்கணக்கில் மெலிந்து வருவார்கள். உச்சியில் யாராவது தேத்தண்ணி போட்டால் தண்ணீர் 70 பாகை சொச்சத்திலேயே கொதித்துவிடும். சாயம் இறங்காத அந்தத் தேத்தண்ணியை வெள்ளவத்தையில் ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள்.

மேல் முகாம்களில் தண்ணீர் என்று ஒன்று இல்லை, பனியை உருக்க வேண்டும். ஒரு பானை நிறையப் பனி உருகினால் அடியில் கொஞ்சம் தண்ணீர். இரண்டு பேருக்கான குடிதண்ணீருக்கு மணித்தியாலக்கணக்கில் அடுப்பு எரியும். அதனால் ஒருவர் எப்போதும் அடுப்புக்குப் பக்கத்தில். கமராவின் பற்றரி, சப்பாத்தின் உள்ளுறை, முகத்துக்குப் போடுகிற பூச்சுக்களிம்பு எல்லாம் இரவில் படுக்கைப்பைக்குள் ஆளோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வெளியே வைத்தால் விடியக் கல். இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும்: இரவில் சிறுநீருக்காக வெளியே போவது ஆபத்து, ஆகையால் கூடாரத்துக்குள் ஒரு போத்தல். ஆண்களுக்கு அது சங்கடத்தோடு முடியும். பெண்களுக்குப் பிரத்தியேகமான புனல் வேண்டும், அதையும் கைகள் விறைத்த நிலையில், மூன்று அடுக்கு உடுப்புக்குள்ளால் பாவிக்கப் பழக வேண்டும். ‘பெண்ணும் ஏறலாம்’ என்று மேடையில் சொல்பவர்கள் இந்தப் போத்தலைப் பற்றிச் சொல்வதேயில்லை.

பிறகு அந்த இருமல். காய்ந்த குளிர்காற்றை வாயால் இழுத்து இழுத்து ஏறுவதால் வருகிறது. கும்பு இருமல் என்றே பெயர். இருமி இருமி விலா எலும்பு முறிந்தவர்கள் உண்டு.

செவ்வாய், வெள்ளி

செர்பாக்களில் பலருக்குப் பிறந்த கிழமைதான் பெயர். மிங்மா என்றால் செவ்வாய், பசாங் என்றால் வெள்ளி, பெம்பா என்றால் சனி. ஒரே முகாமில் நான்கு பசாங் இருந்தால் ஆச்சரியமில்லை. உலகம் அவர்களைப் பெயரால் நினைவில் வைக்காததற்கு அது ஒரு சாட்டு ஆகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஜயந்தியுடன் உச்சிக்கு ஏறியவர் அங் கர்மா செர்பா. 2016இல் கொழும்பில் நாங்கள் கதைத்த கதையில் அந்தப் பெயர் எத்தனை தடவை வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஏறுமுன் அடிவார முகாமில் பூசை நடக்கும். கல்லால் ஒரு பீடம், புகையும் செடி, அரிசி, மா, வரிசையாகக் கொடிகள். பனிவெட்டுக் கோடரியையும் சப்பாத்து முள்ளையும் கூடப் பீடத்தில் வைப்பார்கள், ஆயுத பூசை போல. வணங்கி, மலையில் கால் வைக்கப்போவதற்கு மன்னிப்புக் கேட்பது அதன் கருத்து. எங்களுக்கும் இது புதிதல்ல. கைலாயத்தில் இன்றுவரை ஒருவரும் ஏறவில்லை, ஏறவும் அனுமதியில்லை. சுற்றி வரத்தான் போகிறோம்.

முகாமைத் தாண்டினால் கும்பு பனிவீழ்ச்சி. வீடு வீடான பனிப்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே நகர்ந்துகொண்டேயிருக்கும். வெடிப்புகளுக்கு மேல் அலுமினிய ஏணி. அந்த ஏணிகளையும் கயிறுகளையும் பருவத்துக்குப் பருவம் போட்டு, நகர நகரத் திருத்துகிற செர்பா அணிக்குப் ‘பனிவீழ்ச்சி வைத்தியர்கள்’ என்று பெயர். வெயில் பட்டால் பாறைகள் இளகும் என்பதால் பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கே உள்ளே நுழைய வேண்டும். வெளிநாட்டு ஏறுநர் இதை ஒரு பருவத்தில் ஆறு, எட்டுத் தடவை கடக்கலாம். அவருடைய கூடாரத்தையும் குக்கரையும் ஒட்சிசன் சிலிண்டரையும் சுமக்கிற செர்பா அதைப்போலப் பல மடங்கு கடக்கிறார்.

2014 ஏப்ரல் 18 காலை, அந்தச் சுமையோடு போனவர்களின் மேல்தான் மேற்குத் தோளிலிருந்து பனி சரிந்தது. 16 நேபாளித் தொழிலாளர்கள் இறந்தார்கள். வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பருவம் கைவிடப்பட்டது. அடுத்த வருடம் ஏப்ரல் 25, நேபாள நிலநடுக்கம். பனிச்சரிவு அடிவார முகாமையே அடித்துப் போட்டது. ஆக இரண்டு வருடம் நேபாளப் பக்கத்தால் வழமையான பருவமே இல்லை. மூன்றாவது வருடம், வழி திறக்குமோ என்று எவருக்கும் நிச்சயமில்லாத வருடத்தில்தான் எங்கள் இருவரும் போனார்கள். நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டும் அப்போது ஆளுக்கு 11,000 டொலர், அன்றைய விகிதத்தில் சுமார் 16 இலட்சம் ரூபாய். இன்று அது 15,000 டொலர்.

கடல் குழம்புகிற மாதம்

திகதிகளைக் கவனியுங்கள். இந்தியப் பெண்களில் முதலாமவரான பச்சேந்திரி பால் எவரெஸ்ட் ஏறியது 1984 மே 23. மலேசியர்களில் முதன்முதலாக ஏறியவர்கள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ், இருவரும் தமிழர். 1997 மே 23, பதினைந்து நிமிட இடைவெளியில். அந்தப் படத்தில் மலேசியக் கொடியோடு நிற்கிற முகங்களைப் பார்த்து எங்கள் ஊர்ச் சாயல் என்று கொண்டாடியவர்கள் இங்கேயும் உண்டு. பின்னாளில் இருவரும் டத்தோ பட்டம் பெற்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண், விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஜப்பானிய மொழி ஆசிரியை முத்தமிழ்ச்செல்வி, 2023 மே 23. ஜயந்தி 21.

சோதிடம் ஒன்றுமில்லை. வருடத்தின் பெரும்பகுதி எவரெஸ்ட் உச்சியை மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் கூடிய வேகத்தில் அடிக்கிற மேலடுக்கு மேற்குக் காற்று, பருவமழை நெருங்குகிறபோது வடக்கே விலகும். அது விலகி மழைப்பனி வந்து சேருமுன் கிடைக்கிற சில நாள் அமைதிதான் வாசல். வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்பவனுக்கு இந்த மாற்றம் வேறு முகத்தில் தெரியும்: மே பிற்பாதியில் கடல் மண்ணிறமாகிக் குழம்பும், ரயில் தண்டவாளத்துக் கல்வரை அலை அடிக்கும், தென்மேற்குக் காற்று மரைன் டிரைவில் குடையைப் பிடுங்கும். இங்கே கடல் குழம்பத் தொடங்குகிற நாட்களில் அங்கே உச்சியில் காற்று அடங்குகிறது. அரநாயக்கவில் மழை மலையைச் சரித்த வாரமும் எவரெஸ்ட்டில் ஜயந்தி உச்சி தொட்ட வாரமும் ஒன்றானதில் இதற்கும் பங்கு உண்டு போலும்.

வாசல் சில நாள்தான் என்பதால் எல்லோரும் ஒன்றாகப் போகிறார்கள். 2019 மே 22இல் மலையேறி நிர்மல் புர்ஜா எடுத்த, உச்சிக்குக் கீழே வரிசையில் நெருக்கி நிற்கிற ஆட்களின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முதுகிலுள்ள சிலிண்டர் குறைந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கணக்கை ஏழாம் மாடி மாஸ்டர்தான் எனக்குப் போட்டுக் காட்டினார். நாலு லீற்றர் சிலிண்டர், 300 பார் அழுத்தம், ஆகவே ஏறக்குறைய 1,200 லீற்றர் ஒட்சிசன். நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் விட்டால் பத்து மணித்தியாலம். ஏற்றத்தில் மூச்சு முட்டி நாலாகக் கூட்டினால் ஐந்து மணித்தியாலம். தெற்குக் கணவாயில், 7,900 மீட்டர் சொச்சத்திலுள்ள நாலாம் முகாமிலிருந்து இரவு புறப்பட்டு, உச்சிக்குப் போய்த் திரும்ப நல்ல ஆளுக்குப் பதினைந்து மணித்தியாலம். மிச்சத்துக்குச் செர்பாக்கள் சுமந்துவந்து வைத்த சிலிண்டர். முகமூடியில் மூச்சின் ஈரம் உறைந்து குழாய் அடைத்தால் சிலிண்டர் நிறைந்திருந்தும் பயனில்லை. நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் முன்னால் போகிறவரின் சப்பாத்து மட்டும் தெரியும். ஒரு அடி, மூன்று நாலு மூச்சு, அடுத்த அடி. 2016இல் அந்த இரவு ஏறக்குறைய வெசாக் முழுநிலவு.

8,400 மீட்டரில் ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கிறது, ‘பால்கனி’ என்பார்கள். சிலிண்டர் மாற்றுகிற இடம். 2007 மே மாதம் பிரித்தானிய வைத்தியர்களின் ஆய்வுக்குழு ஒன்று உச்சியிலிருந்து இறங்கிவருகிற வழியில் அந்த உயரத்தில் நின்று, உடுப்பை விலக்கி, தொடை நாடியிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். செர்பாக்கள் அதை இரண்டு மணித்தியாலத்துக்குள் 6,400 மீட்டரில் இருந்த ஆய்வுக் கருவிக்குக் கொண்டு ஓடினார்கள். நான்கு பேரின் சராசரி ஒட்சிசன் அழுத்தம் 24.6 மில்லிமீட்டர் பாதரசம். கடல் மட்டத்தில் அது நூறுக்குக் கிட்ட இருக்கும். விரல் கருவிக் கணக்கில் 54 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் அந்த எண்ணோடு ஓர் ஆளைக் கொண்டுபோனால் நினைவு தவறியிருக்கும். அவர்கள் வாரக்கணக்கில் பழகியவர்கள் என்பதால் நின்றார்கள். அப்படிப் பழகாத ஆளை முகமூடி இல்லாமல் அங்கே இறக்கிவிட்டால் சில நிமிடத்தில் மயங்கி விழுவான்.

அந்த உயரத்தில்தான் ஜொஹான் பீரிஸின் ஒட்சிசன் கைவிட்டது.

இப்போது அந்த 448 மீட்டரைத் திரும்பப் பாருங்கள். முன்னால் மேலே ஏறிக்கொண்டிருக்கிற விளக்குகளின் வரிசை தெரியும். கூட வந்தவர் அந்த வரிசையில் இருக்கிறார். பல வருடத் தயாரிப்பு, பிறரிடம் திரட்டிய பணம், வீட்டில் காத்திருப்போர், நாட்டின் பெயர். மூளைக்குப் போகிற ஒட்சிசன் குறைந்தால் முதலில் போவது தீர்மானிக்கிற புத்தி. ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று ஏறியவர்கள் பலர் இறங்கவில்லை. எவரெஸ்ட்டில் உச்சி தொட்டபின் திரும்புகிற வழியில் விழுந்தவர்களின் பட்டியல் நீளமானது. புத்தி தளர்கிற அந்த இடத்தில் ஒரு மனிதர் சரியாகக் கணக்குப் போட்டு, உடம்பைத் திருப்பி, நடந்து இறங்கினார். எங்கள் பத்திரிகைகள் அதற்கு ஒரு வரி கொடுத்தன. அந்த வருடத்து எவரெஸ்ட் செய்திகளில் எனக்கு ஆகக் கடினமான காரியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான். ஜயந்தியின் சாதனையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் தன் உயிரைத் தானே இறக்கிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

2018 மே 22, காலை 5.55. ஜொஹான் பீரிஸ் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அந்த வருடமும் மே கடைசியில் இலங்கையில் வெள்ளம்.

மாஸ்டரின் கதை மிச்சமிருக்கிறது. 2019இல் அவர் டோல்மா கணவாயைத் தாண்டவில்லை. கைலாயத்தின் வடக்கு முகம் நேர் எதிரே தெரிகிற டிராபுக் தங்குமிடம் வரை, சுமார் ஐயாயிரம் மீட்டர் வரை போனார். இரவு முழுக்க ஓங்காளம். விடியற்காலை சப்பாத்து நாடாவைக் கட்ட முடியவில்லை, எந்த விரலால் பிடிப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தாராம். வாழ்நாள் முழுக்கக் கணிதம் படிப்பித்த ஆள். திபெத்திய வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அவருடைய பையை எடுத்துக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்தான். அவர் தர்க்கம் பண்ணவில்லை. இறங்கி ஆயிரம் அடி வருமுன் தலை தெளிந்தது. ஊருக்கு வந்தபின் கோயிலில் சந்திக்கிறவர்கள் கேட்பார்கள், “என்ன மாஸ்டர், சுத்தி வந்தாச்சோ?”

“பாதி,” என்பார்.

இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் அவரிடம் சிலிண்டர் கணக்கைத் திரும்பச் சரிபார்க்கப் போனபோது ஜொஹான் பீரிஸின் கதையைச் சொன்னேன். 8,400இல் திரும்பினது, இரண்டு வருடம் கழித்துப் போனது. கவனமாகக் கேட்டார்.

“திரும்பிப் போறதுக்குக் காசு, அது இது எல்லாம் திரும்பச் சேத்தவரோ?”

“ஓம் மாஸ்டர்.”

“ரெண்டாம் முறை போகேக்க அந்த 8,400ஐத் தாண்டின நேரம் என்ன நினைச்சிருப்பார்?”

எனக்கு எப்படித் தெரியும். அவர் பதிலை எதிர்பார்க்கவும் இல்லை. மேசையிலிருந்த விரல் கருவியைப் பழக்கத்தில் எடுத்து மாட்டிப் பார்த்தார். 97.

“எனக்கு இப்ப எழுபத்திரண்டு, தம்பி,” என்றார். கடைக்குப் போக இருவரும் வெளியே வந்தோம். லிப்ட் எங்கள் மாடியில்தான் கதவு திறந்து நின்றது. அவர் படிப்பக்கம் நடந்தார்.